சாப்பிட்டுவிட்டுக் கடலில் இறங்கிய பாக்கிசியோ

பாக்கிசியோ தமது ஐம்பத்து நான்காவது வயதில் பாவாடை கட்டத் தொடங்கினார். கயாக் என்ற ஒடுக்கமான துடுப்புப் படகில் உட்காருகிறவர் இடுப்பில் மாட்டிக்கொண்டு, விளிம்பை இழுத்துப் படகின் வாயில் பொருத்துகிற ரப்பர்த் துணிக்கு அதுதான் பெயர். அலை அடித்தால் தண்ணீர் உள்ளே வராமல் இருக்க அது வேண்டும். காலா கொனோனே துறைமுகத்து பாரில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அவர் இதை ஒரு தடவை பொறுமையாக விளக்கினார். அதன் பிறகு விளக்குவதை விட்டுவிட்டார். அவருடைய மனைவி அசுந்தா அதைக் கழுவி வீட்டுக்குள்ளேயே காயப்போட்டாள், பக்கத்து வீட்டார் கண்ணில் படக்கூடாதென்று.

எங்கள் ஆட்களைச் சொல்லியும் குற்றமில்லை. தொர்காலி ஊர்க்காரர்கள் நாங்கள் மலைவாசிகள். கடல் எங்களுக்கு எட்டு ஒன்பது கிலோமீட்டர் கீழே, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். தீவில் பிறந்தவர்கள் கடலைக் கண்டு பயப்படுவது வெளியாருக்கு வேடிக்கையாகத்தான் இருக்கும், ஆனால் எங்களுக்கு ஆடும் கல்லும் போதுமாக இருந்தன. பாக்கிசியோவும் எட்டு வயதிலிருந்து இருபத்திரண்டு வருஷம் ஆடு மேய்த்தார். பிறகு இருபத்து நாலு வருஷம் சீஸ் ஏற்றிப்போகும் லாரி ஓட்டினார். சீஸ் கூட்டுறவுச் சங்கம் லாரிகளை விற்றதும் வேலை போயிற்று. அப்பா பாரே கதி என்று ஆகிவிடுவாரோ என்று பயந்த மகள் தோனினா, தான் எட்டு கயாக்குகளோடு ஆரம்பித்திருந்த சுற்றுலாத் தொழிலில் அவரை வழிகாட்டியாகச் சேர்த்துக்கொண்டாள். சான்றிதழ்த் தேர்வில் அவர் மூன்றாவது முறை தேறினார். கவிழ்ந்து எழும்பும் பயிற்சிகளையெல்லாம் காலையில், வெறும் வயிற்றில் செய்தார்.

அந்த வெறும் வயிற்று விஷயம் முக்கியம். சாப்பிட்டால் மூன்று மணி நேரம் தண்ணீரில் இறங்கக்கூடாது. இறங்கினால் வயிறு பிடித்துக்கொள்ளும், ஆள் கல் மாதிரி அடிக்குப் போய்விடுவான். இது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. நாட்டிலுள்ள எல்லா அம்மாக்களுக்கும் மனப்பாடமாக இருப்பதால் எழுதி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. கறிக்கு மூன்று மணி, ரொட்டிக்கு இரண்டு, பீச் பழத்துக்கு ஒன்று. தர்பூசணி விஷயத்தில் மட்டும் குடும்பத்துக்குக் குடும்பம் கருத்து வேறுபாடு உண்டு. பாக்கிசியோவின் அம்மா, அத்திப்பழம் சாப்பிட்ட கையோடு ஆற்றில் இறங்கிச் செத்துப்போன ஓர் ஒன்றுவிட்ட சித்தப்பாவை உதாரணம் சொல்லித்தான் பிள்ளைகளை வளர்த்தாள். அந்தச் சித்தப்பாவுக்கு அப்போது எண்பத்தொரு வயது என்பதை அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

பாக்கிசியோவுக்குத் தொழிலில் வந்த சங்கடமும் இதனால்தான். தோனினாவின் விளம்பரத் தாளில், ‘குடும்பத்தோடு சுறுசுறுப்பான ஒரு நாள்: காலையில் காலா லூனா கடற்கரை வரை துடுப்புப் போடுதல், லேசான சிற்றுண்டி, மதியக் காற்றுக்கு முன் திரும்புதல்’ என்று அச்சடித்திருந்தது. லேசான சிற்றுண்டி என்ற இரண்டு சொற்களைப் படிக்கும்போதே பாக்கிசியோவுக்குக் கூசும். வீடு தேடி வந்தவன் கையில் ஒரு ஆப்பிளைக் கொடுத்து அனுப்புவதா? எங்கள் ஊரில் பகையாளியைக்கூட அப்படி அனுப்புவதில்லை. ஆகவே அவர் படகின் மூடியறைகளில் உப்பிட்டுக் காயவைத்த பன்றித்தொடை, சீஸ், தொத்திறைச்சி, ஒலிவக்காய், அப்பளம் போன்ற எங்கள் மொறுமொறு ரொட்டி, ஒரு குப்பி வைன் எல்லாம் அடைத்துக்கொண்டு போவார். விருந்தாளிகள் வயிறு முட்டச் சாப்பிடுவார்கள். பிறகு மூன்று மணி நேரம் எல்லாரையும் குகை நிழலில் படுக்க வைப்பார். அவர்கள் எழுந்திருக்கும்போது வடகிழக்குக் காற்றும் எழுந்திருக்கும். திரும்பும் வழி முழுக்க எதிர்க்காற்று. கடைசியில் மனைவியின் தம்பி பொபோரே மோட்டார் படகோடு வந்து, கயாக்குகளை வரிசையாகக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு துறைமுகம் சேர்ப்பான். அன்றைக்கு என்ன மீன் என்று எழுதிப்போடும் பாரின் கரும்பலகையில், மூலையில் அதற்கும் ஒரு சாக்பீஸ் கோடு விழும்.

அந்தக் கோடையில் மூன்று கோடுகள் விழுந்துவிட்டன. ஜூலை இரண்டாவது வாரம் ஒரு மாலையில் தோனினா அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

“இதோ பாருங்கப்பா. நாளைக்கும் மாமா கயிறு கட்டி இழுத்துட்டு வந்தார்னா அதோட சரி. அப்புறம் நீங்க கரையில குடையும் சாய்வு நாற்காலியும் வாடகைக்கு விடுங்க. துடுப்பத் தொடக்கூடாது.”

சரிம்மா என்று தலையாட்டிவிட்டு, பாக்கிசியோ கொட்டகைக்குப் பின்னால் போய், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த எட்டுப் படகுகளையும் மறுபடி கழுவினார். அவருக்கு அழுகை வந்தது. ஆட்டையும் லாரியையும் அவர் பிடித்துச் செய்ததில்லை. இதைப் பிடித்துச் செய்தார். காலை ஏழரைக்கு அந்தச் சுண்ணாம்புப் பாறைகளின் அடியில், துடுப்பிலிருந்து சொட்டும் சத்தம் தவிர வேறொன்றும் கேட்காத நேரத்தில், நான் இத்தனை வருஷம் எங்கே இருந்தேன் என்று நினைத்துக்கொள்வார். மலைக்காரனுக்குக் கடல் பிடித்துப்போயிற்று என்று வெளியே சொல்ல முடியுமா? அசுந்தாவிடம்கூடச் சொல்லவில்லை. பாவாடையையே உள்ளே காயப்போடுகிறவள் இதை எங்கே காயப்போடுவாள்?

மறுநாள் வந்தவர்கள் வடக்கே பெர்கமோ நகரத்திலிருந்து ஒரு குடும்பம். கணவர் இவானோ, கையில் ஒரு பெரிய கடிகாரம் கட்டியிருந்தார். அது இதயத்துடிப்பு, தூரம், வேகம், எரிந்த கொழுப்பு எல்லாவற்றையும் சொல்லும். மனைவி ஒர்னெல்லா மருந்துக்கடை வைத்திருப்பவள். பதினொரு வயது மகள் ஜினேவ்ரா, தலையைவிடப் பெரிதாக ஒரு மஞ்சள் தொப்பி போட்டிருந்தாள். இவானோவும் மகளும் இரட்டைப் படகில், ஒர்னெல்லா தனிப் படகில், பாக்கிசியோ தம் படகில் என்று ஏற்பாடு. தோனினா தன் கையாலேயே சிற்றுண்டிப் பையைக் கட்டினாள்: ஆளுக்கு ஒரு ரொட்டி, ஒரு ஆப்பிள், ஒரு பிடி பாதாம். பிறகு அப்பாவின் படகைத் திறந்து, முன்னறையையும் பின்னறையையும் சோதித்தாள். காலியாக இருந்தன. இருக்கைக்குப் பின்னால், காற்றடைத்த மிதவை உறைக்குள் காற்றுக்குப் பதிலாக ஒரு பன்றித்தொடை இருக்கும் என்று அவளுக்கு எப்படித் தோன்றும்?

பாக்கிசியோவுக்காக ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அதை எடுக்கக்கூடாது என்ற உறுதியோடுதான் அவர் எடுத்துப்போனார். ஒரு அவசரத்துக்கு என்று வைத்திருந்தார், அவ்வளவுதான்.

போகிற வழியில் அவர் வழக்கமான பாடத்தை நடத்தினார். இடுப்பு ஆடலாம், தலை ஆடக்கூடாது. தண்ணீரில் எது விழுந்தாலும், துடுப்பே ஆனாலும், கையை நீட்டி எட்டிப் பிடிக்கக்கூடாது. படகைத் திருப்பிக்கொண்டு போய் எடுக்க வேண்டும். எட்டுகிறவன் கவிழ்வான் என்று இதை மூன்று தடவை சொன்னார். ஜினேவ்ரா அதை அப்பாவுக்கு நான்காவது தடவை சொன்னாள். பத்தே முக்காலுக்குக் காலா லூனா மணலில் படகுகளை ஏற்றினார்கள். இவானோவின் கடிகாரம் அவரைப் பாராட்டியது.

குளியல் எல்லாம் முதலில் முடிந்தது, வெறும் வயிற்றில். பதினொன்றரைக்கு பாக்கிசியோ மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு தோனினாவின் பையை ஒரு பாறை மேல் வைத்துவிட்டு, கை கழுவப் போனார். திரும்பி வந்தபோது பாறையைச் சுற்றி ஆறு ஆடுகள் நின்றன. அந்தக் கரைக்கு ஆடு வரும் என்பது உலகத்துக்கே தெரியும். இருபத்திரண்டு வருஷம் ஆடு மேய்த்த ஒருவருக்கு மட்டும் அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. தொண்டையிலிருந்து பழைய குரலெடுத்து அவர் அதட்டினார். ஆடுகள் அந்தக் குரலை நன்றாகப் புரிந்துகொண்டு, கடைசி ஆப்பிளையும் முடித்துவிட்டுத்தான் நகர்ந்தன. பையின் காகிதத்தைக்கூட விடவில்லை.

“பசிக்குதும்மா,” என்றாள் ஜினேவ்ரா.

அவசரம் என்றால் இதைவிட என்ன அவசரம்? பாக்கிசியோ படகுக்குப் போய், மிதவை உறையைத் திறந்தார். தொடை, ஒரு முழு வட்டம் சீஸ், தொத்திறைச்சி, ரொட்டி, குப்பி. ஒவ்வொன்றையும் வெளியே எடுக்கும்போது முகத்தைக் கவலையாக வைத்துக்கொள்ள முயன்றார். முடியவில்லை. அவர்கள் சாப்பிட்டார்கள். அவர் மெல்லிசாக அரிந்து அரிந்து வைத்தார். வேண்டாம் என்று சொல்வதை அவர் காதில் வாங்கவில்லை. இவானோ கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிட்டார். பாக்கிசியோ வைனை மட்டும் இரண்டு வாயோடு நிறுத்திக்கொண்டார், தம் கட்டுப்பாட்டை எண்ணித் தமக்கே பெருமையாக இருந்தது.

பன்னிரண்டு இருபதுக்குக் கைகழுவினார்கள். அவர் படகுகளைப் பார்த்தார். ஒன்றரைக்குமேல் காற்று வரும். இப்போதே கிளம்பினால் தப்பிக்கலாம்.

ஒர்னெல்லா துண்டை விரித்து மகளைப் படுக்கச் சொன்னாள். கணவரின் கடிகாரத்தை எடுத்து மூன்று மணி நேரத்துக்கு மணி வைத்தாள்.

“இப்ப மணி பன்னண்டு இருவது. மூணு இருவதுக்குக் கெளம்பலாம்,” என்றாள். “புள்ள கறி சாப்பிட்டிருக்கா.”

இவானோ, இந்த மூன்று மணி நேரக் கதைக்கு அறிவியலில் ஆதாரம் இல்லை என்று எங்கோ படித்ததாக ஆரம்பித்தார். மருந்துக்கடைக்காரி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் உடனே தொப்பியை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார்.

பாக்கிசியோவின் நிலைமையை என்னவென்று சொல்வது? அந்தப் பெண் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. அவருடைய அம்மா இருந்தால் எழுந்து வந்து அவளை முத்தமிட்டிருப்பாள். மூன்று இருபதுக்குக் கிளம்பினால் காற்று, கயிறு, நாலாவது கோடு, குடை, சாய்வு நாற்காலி. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் தம் அம்மாவை எதிர்த்து வாதாட வேண்டியிருந்தது.

“நாம என்ன குளிக்கவா போறோம்? படகுல உக்காந்து போகப் போறோம். பஸ்ஸுல போற மாதிரி,” என்றார்.

“பஸ் கவிழாது.”

“நீங்க எங்க மலைப்பாதையில வந்ததில்ல.”

ஒர்னெல்லா சிரிக்கவில்லை. அவர் எழுந்து போய்த் தம் பாவாடையை எடுத்து வந்து, அதில் ஒரு குப்பித் தண்ணீரை ஊற்றிக் காட்டினார். சொட்டு ஒழுகவில்லை. கடலுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இது இருக்கிறது, ஆகவே வயிறு கரையில் இருப்பதாகத்தான் கணக்கு, நனைந்தால்தானே பிடித்துக்கொள்ளும் என்று எடுத்துச் சொன்னார். மூன்று வருஷமாக ஊர் சிரித்த அந்தத் துணியைப் பற்றி அவர் அன்றுதான் பெருமையாகப் பேசினார். வழக்கு அரைமணி நேரம் நடந்தது. கடைசியில் ஒர்னெல்லா ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தாள்: யாருக்கும் வயிறு நனையக்கூடாது. மணி அடிப்பது அடிக்கட்டும், நிறுத்த மாட்டேன் என்றும் சொன்னாள்.

பன்னிரண்டு ஐம்பதுக்குக் கிளம்பினார்கள். நால்வரும் கண்ணாடிச் சாமான் ஏற்றியவர்கள் போல அலுங்காமல் துடுப்புப் போட்டார்கள். கால்மணி நேரம் எல்லாம் நன்றாகப் போயிற்று. பாக்கிசியோ உள்ளுக்குள் தோனினாவிடம் பேச ஆரம்பித்திருந்தார், கொஞ்சம் அலட்சியமாக, எத்தனை மணிக்கு வந்தோம் பார்த்தாயா என்று. அப்போது காற்றின் முதல் வீச்சு, சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து, ஜினேவ்ராவின் மஞ்சள் தொப்பியைத் தூக்கியது. அது அவருடைய படகுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது.

அவர் எட்டினார்.

தண்ணீருக்குள் தலைகீழாகத் தொங்கிய அந்த ஒரு கணத்தில் அவர் பாவாடையை இழுத்துக் கழற்றி வெளியே வந்ததெல்லாம் பயிற்சியின் பலன், கை தானாகச் செய்தது. தலை வெளியே வந்தது, ஒரு கையில் படகு, மறு கையில் தொப்பி. அப்புறம்தான் வயிறு ஞாபகம் வந்தது. தொடை, சீஸ், தொத்திறைச்சி. முழுக்க நனைந்துவிட்டது.

பாக்கிசியோ படகைப் பிடித்துக்கொண்டு சாவுக்குக் காத்திருந்தார். இதில் மிகை ஒன்றும் இல்லை, உண்மையாகவே காத்திருந்தார். அசுந்தாவை நினைத்துக்கொண்டார். லாரி ஓட்டிய காலத்தில் குடும்பத்தோடு கடலுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் வரிசையாக வந்தன: ஒவ்வொன்றிலும் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று மணி நேரம், கொளுத்தும் மணலில், குட்டி தோனினா அழ அழ, எல்லாரும் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். வயிறு பிடிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். பிடிக்கவில்லை. தண்ணீர் இதமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், அவ்வளவு இதமான தண்ணீரில் அவர் அதுவரை இருந்ததே இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்து அவருக்குக் கோபம் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது.

“நாப்பத்தஞ்சு நிமிஷம்,” என்றார் இவானோ கடிகாரத்தைப் பார்த்து. ஒர்னெல்லா பாக்கிசியோவுடைய உதட்டின் நிறத்தைக் கவனித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் பாறை முனையைச் சுற்றிக்கொண்டு மோட்டார் சத்தம் வந்தது. பொபோரே. கையில் கயிறு தயாராக இருந்தது. சிரிப்பும் தயாராக இருந்தது.

“என்ன மச்சான், இன்னிக்கு சீக்கிரமே ஆரம்பிச்சிட்டீங்க. கயிறு போடட்டுமா?”

“வேணாம்.”

“அப்ப தண்ணியில என்ன பண்றீங்க?”

“குளிக்கிறேன்.”

பொபோரே மணல்கரைப் பக்கம் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான். சிரிப்பு மெல்லக் குறைந்தது.

“சாப்பிட்டாச்சா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பெர்கமோக் குடும்பம் பார்த்துக்கொண்டிருந்தது.

“ஆச்சு. நல்லாவே சாப்பிட்டாச்சு. முக்கா மணி நேரம் இருக்கும்.”

பொபோரே மோட்டாரை அணைத்தான். தொப்பியைக் கழற்றினான். நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டான். “அக்காகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?” என்றான், குரலே மாறிவிட்டது.

“சாகலேன்னா சாயங்காலம் பாருக்கு வரேன்னு சொல்லு,” என்றார் பாக்கிசியோ. சொல்லிவிட்டுப் படகின் முதுகில் தவழ்ந்து ஏறினார். ஏறினார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். இரண்டு தடவை வழுக்கி, மூன்றாவது தடவை பின்பக்கமாக உள்ளே விழுந்தார். தண்ணீரை இறைத்தார். பாவாடையை மாட்டினார். தொப்பியை ஜினேவ்ராவிடம் கொடுத்து, எட்டினால் இப்படித்தான் ஆகும் என்று காட்டத்தான் செய்தேன் என்றார். அவள் நம்பவில்லை. ஆனாலும் பெரிய மனது பண்ணித் தலையாட்டினாள்.

கயிறு போடுவதா வேண்டாமா என்று தெரியாமல் பொபோரே சேதி சொல்லத் துறைமுகத்துக்குப் பறந்துவிட்டான். காற்று முழுக்க எழுவதற்குள் இவர்கள் பாதித் தூரம் கடந்திருந்தார்கள். மீதிப் பாதி எதிர்க்காற்று. பாறைகளை ஒட்டி, வளைவுக்கு வளைவு ஒதுங்கி, பாக்கிசியோ அவர்களைக் கூட்டிப்போனார். ஒர்னெல்லா ஆண்களைவிட நன்றாகத் துடுப்புப் போட்டாள். இரண்டரைக்கு ஜினேவ்ரா கை வலிக்கிறது என்றாள், யாரும் கயிற்றின் பேச்சை எடுக்கவில்லை. மூன்றடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது நாலு பேரும் தங்கள் கையாலேயே துறைமுகத்துக்குள் நுழைந்தார்கள்.

படித்துறையில் பாரே திரண்டு நின்றது. கயிறு இல்லாமல் வந்ததைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்றுதான் பாக்கிசியோ நினைத்தார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். ஆனால் ஒருவரும் படகுகளைப் பார்க்கவில்லை. எல்லாரும் அவருடைய வயிற்றைப் பார்த்தார்கள்.

தோனினா முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்து அவர் கையைப் பிடித்தாள். சஸ்ஸாரி பல்கலைக்கழகத்தில் மூன்று வருஷம் உடற்பயிற்சி இயல் படித்தவள். முகத்தில் ரத்தமே இல்லை.

“என்ன சாப்பிட்டீங்க?”

ஆப்பிள் என்ற சொல் அவருடைய வாய்வரை வந்துவிட்டது. அதைச் சொன்னால் உயிரும் தப்பும், உத்தியோகமும் தப்பும். அதற்குள் ஜினேவ்ரா, கேட்டவருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று வளர்க்கப்பட்ட பெண், ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டாள். “ஆப்பிள ஆடு தின்னுடுச்சு. நாங்க தொடைக்கறி, சீஸு, தொத்திறைச்சி சாப்பிட்டோம். மாமா மட்டும் வைன் குடிச்சார். ரெண்டு வாய்.”

தோனினா திட்டவில்லை. அதுதான் பாக்கிசியோவைப் பயமுறுத்தியது. அவரைக் கைத்தாங்கலாக அலுவலகத்துக்குள் கூட்டிப்போய் மர பெஞ்சில் படுக்க வைத்தாள். ஒர்னெல்லாவும் கூடவே வந்து நாடி பார்த்தாள். பொபோரே வாசலில் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றான். பாவாடையைக்கூட யாரும் கழற்ற விடவில்லை. அசைக்க வேண்டாம் என்றார்கள்.

“கயிறு இல்லாமதாம்மா வந்தோம்,” என்றார் பாக்கிசியோ கூரையைப் பார்த்தபடி.

“பார்த்தேன்ப்பா.”

“அப்ப நாளைக்கு?”

“நாளைக்கு எட்டு மணிக்கு ஆறு பேர் வராங்க. நீங்கதான் கூட்டிட்டுப் போறீங்க. மொதல்ல அந்த மணி அடிக்கட்டும், அதுவரைக்கும் பேசாம படுங்க.” அவள் தன் உள்ளங்கையை அவர் வயிற்றின் மேல் வைத்தாள். எடுக்கவே இல்லை. மூன்று கோடையாக அதட்டிக்கொண்டே இருந்த பெண் அவருக்காக இப்படிப் பயந்து அவர் பார்த்ததில்லை. ஒன்றும் ஆகாது என்று சொல்ல வாயெடுத்தார், ஆனால் அந்தக் கை அங்கேயே இருக்கட்டும் என்று சும்மா இருந்துவிட்டார்.

மூன்று இருபதுக்கு இவானோவின் கடிகாரம் கூவியது. அறையில் எல்லாரும் மூச்சு விட்டார்கள். பொபோரே தொப்பியைப் போட்டுக்கொண்டான்.

அப்போது தோனினாவின் கைக்கு அடியில் அவருடைய வயிறு பெரிதாக ஒரு சத்தம் போட்டது. அவள் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

“என்னப்பா, என்ன பண்ணுது?”

பாக்கிசியோ உள்ளதைச் சொன்னார்.

“பசிக்குதும்மா.”